சென்னை – சாண்டியாகோ: இரண்டு மணி நேரம்

ஸ்கேன் எடுத்த டாக்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "பதினெட்டு வாரம். குழந்தை நல்லா இருக்கு."

ஜெனோவா படுத்தபடியே திரும்பிப் பார்த்தாள். "பதிமூணு வாரம்தான் ஆகணும் டாக்டர்."

"தேதி மறந்திருப்பீங்க. இந்த அளவுக்குப் பதிமூணு வாரம்னு நான் எழுத முடியாது. பிப்ரவரி முதல் வாரத்துல உண்டாயிருக்கு."

சுவரோரம் அவள் கணவன் ரெக்ஸன் நின்றிருந்தான். கையில் வைத்திருந்த தண்ணீர் பாட்டிலை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போனான். ஜெனோவா உடையைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தபோது அவன் ஆட்டோவில் ஏறிப் போயிருந்தான்.

ரெக்ஸன் சரக்குக் கப்பலில் இரண்டாம் இன்ஜினியர். நவம்பரில் கப்பல் ஏறியவன் மார்ச் மூன்றாம் தேதிதான் வீடு வந்தான். ஜெனோவாவுக்கு விமானத்தில் பணிப்பெண் வேலை. இருவருக்கும் சொந்த ஊர் தூத்துக்குடி. கல்யாணமாகி மூன்று வருடம், பம்மலில் வாடகை வீடு. அன்று மே இருபத்தாறு.

அவள் வீடு வந்து சேர்ந்தபோது அவன் அக்கா புளோரா கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். அனகாபுத்தூரிலிருந்து வருவதற்கு அவளுக்கு அரை மணி நேரமாவது பிடித்திருக்கும். ஆஸ்பத்திரி வாசலிலேயே அவளுக்குப் போன் போயிருக்கிறது.

"பிப்ரவரி நாலாம் தேதி கப்பல் கொச்சி வரைக்கும் வந்துச்சு" என்றான் ரெக்ஸன். "யாரையும் கீழே இறங்க விடலை. ஒன்றரை நாள் கரையைப் பார்த்துக்கிட்டே நின்னேன். அன்னைக்கு ராத்திரி உன்கிட்ட போன்ல பேசினேன். நினைவு இருக்கா?"

"இருக்கு."

"அப்ப வீட்டுல யாரு இருந்தா?"

ஜெனோவா செருப்பைக் கழற்றவில்லை. "யாரும் இல்லை. டாக்டர் தப்பாச் சொல்றாங்க. வேற இடத்துல பார்ப்போம்."

மறுநாள் வேறு இடத்தில் பார்த்தார்கள். அங்கேயும் பதினெட்டு வாரம் என்றே சொன்னார்கள். தகப்பன் யார் என்று காட்டும் சோதனையை உடனே செய்ய வேண்டும் என்று ரெக்ஸன் கேட்டான். குழந்தை பிறக்கும்வரை சட்டம் அதற்கு இடம் தராது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"அதுவரைக்கும் இந்த வீட்டுல உன் கையால சோறு திங்க மாட்டோம்" என்றாள் புளோரா. அன்றிலிருந்து அவள் அங்கேயே தங்கினாள். ஜெனோவா சமைத்ததை இருவரும் தொடவில்லை.

ஜெனோவா வேலை பார்த்த வழித்தடத்துக்குக் குறுவழி என்று பெயர். சென்னையிலிருந்து சிலி நாட்டின் சாண்டியாகோ பதினாறாயிரத்து முந்நூறு கிலோமீட்டர். சாதாரண விமானம் எங்கும் இறங்காமல் பறந்தால் பத்தொன்பது மணி நேரம் ஆகும். குறுவழியில் இரண்டே மணி நேரம். பயணிகள் ஏறி உட்கார்ந்ததும் முகமூடி மாட்டுவார்கள், மயக்க மருந்து கலந்த காற்று வரும், தூங்கிவிடுவார்கள். பணிப்பெண்களும் தங்கள் இருக்கையில் உட்கார்ந்து பட்டையைப் போட்டுக்கொண்டு தூங்குவார்கள். விமானம் தானே ஓடும். கண் விழித்தால் சாண்டியாகோ. காந்தப்புலத்தில் கெட்டுப்போகும் என்று சொல்லிக் கைக்கடிகாரத்தையும் போனையும் ஏறும் இடத்திலேயே வாங்கிப் பூட்டிவைத்து, இறங்கியதும் நேரத்தைச் சரிசெய்து திருப்பித் தருவார்கள்.

எழுந்ததும் நாக்கு வறண்டு, பசி காதை அடைக்கும். மருந்தின் வேலை என்று கம்பெனி சொன்னது. மழமழவென்று மழித்த முகத்தோடு ஏறிய ஆண்கள் தாடையைத் தடவிக்கொண்டே இறங்குவார்கள். அதுவும் மருந்தின் வேலைதான். இரண்டு மணி நேரத்தில் உலகத்தின் மறுபக்கம் வந்து சேர்ந்தவர்கள் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை.

ஜெனோவாவும் கேட்டதில்லை. இப்போது ஒவ்வொன்றாக யோசித்தாள். அந்த வழித்தடத்தில் பறக்கும் பெண்களுக்கு இருபது நாளுக்கு ஒருமுறை மாதவிலக்கு வந்தது. கம்பெனி டாக்டர் சிவப்பிரகாசம் உயரத்தில் பறப்பதால் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். மூத்த பணிப்பெண் காதம்பரி, தலைக்கு அடித்த சாயம் இரண்டு வாரம்கூடத் தாங்கவில்லை என்று கடையை மாற்றிக்கொண்டே இருந்தாள். மார்ச்சிலிருந்து ஜெனோவா இருபத்துநான்கு முறை போய் வந்திருக்கிறாள். போகும்போதும் வரும்போதும் உள்ளே பத்தொன்பது மணி நேரமே ஓடியிருந்தால் பதினேழு மணி நேரம் கூடுதல் என்று வைத்துக் கூட்டிப் பார்த்தாள். முப்பத்துநான்கு நாள் வந்தது. குழந்தையின் கணக்கில் இடித்ததும் ஏறக்குறைய அதே ஐந்து வாரம்.

அவள் கர்ப்பத்தைக் கம்பெனியிடம் இன்னும் சொல்லியிருக்கவில்லை. மே இருபத்தொன்பதாம் தேதி அவளுக்குப் பணி இருந்தது. போகக்கூடாது என்று தெரியும். வயிற்றில் இருப்பதை ஏற்றிக்கொண்டு மறுபடி அங்கே போகிறோமே என்று அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. ஆனாலும் போனாள்.

முந்தின நாள் பச்சைப்பயறு ஊறப்போட்டாள். காலையில் வடித்து, முளை எட்டிப் பார்க்காத பயறாகப் பொறுக்கி, இரண்டு ஈரத்துணியில் முடிந்து இரண்டு டப்பாவில் வைத்தாள். ஒன்றைச் சமையலறை மேடையில் வைத்தாள்.

"மதினி, நான் சாண்டியாகோ போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணுவேன். அப்ப இதைத் திறந்து எனக்குக் காட்டுங்க. அதுக்கு முன்னால தொடாதீங்க."

புளோரா டப்பாவைப் பார்த்தாள். "புள்ளைக்கு அப்பன் யாருன்னு பயறை வச்சுக் கண்டுபிடிக்கப் போறியாக்கும்?"

"ஆமா மதினி."

சாண்டியாகோவில் பணியாளர் ஓய்வறையில் ஜெனோவா தன் டப்பாவைத் திறந்தாள். துணியைப் பிரிக்க முடியவில்லை. வெள்ளை முளைகள் நூலைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்திருந்தன. அரை விரல் நீளம். பக்கத்தில் இருந்த காதம்பரி எட்டிப் பார்த்து, "நேத்து கட்டினதா?" என்று கேட்டாள்.

"இன்னைக்குக் காலையில கட்டினதுக்கா. ஏர்போர்ட்டுக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி."

காதம்பரி ஒரு பயறை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு துணியிலேயே போட்டாள். "எனக்கு இதைக் காட்டாத. ரெண்டு பிள்ளைங்களை நான் ஒருத்திதான் வளர்க்கறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

போனில் புளோரா வீட்டு டப்பாவைத் திறந்து காட்டினாள். பயறு கொஞ்சம் உப்பியிருந்தது. ஒன்றிரண்டில் வெள்ளைப் புள்ளி தெரிந்தது, அவ்வளவுதான். ஜெனோவா தன்னுடையதைக் காட்டினாள். புளோரா போனை ரெக்ஸனிடம் கொடுத்தாள்.

"எங்கேயோ கடையில முளைகட்டினதை வாங்கி வச்சுட்டுக் கதை சொல்றே" என்றான் அவன். "என்னை என்ன, படிக்காதவன்னு நினைச்சியா?" போனை வைத்துவிட்டான்.

திரும்பி வந்த மறுநாள் அவள் டப்பாவோடும் இரண்டு ஸ்கேன் அறிக்கைகளோடும் டாக்டர் சிவப்பிரகாசத்தின் அறைக்குப் போனாள். அவர் அறிக்கைகளைப் படித்தார். பயறைப் பார்த்தார். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"கர்ப்பத்தோட பறந்ததுக்கு உங்களை இப்பவே வேலையை விட்டு நிறுத்தலாம்."

"நிறுத்துங்க சார். உள்ள எவ்வளவு நேரம் ஆகுது?"

அவர் கொஞ்சம் யோசித்தார். யாரும் வெளியே நம்பப்போவதில்லை என்ற தெம்பிலோ என்னவோ, சொன்னார். "தூரம் எங்கயும் சுருங்காதும்மா. பதினாறாயிரத்து முந்நூறு கிலோமீட்டர்னா அவ்வளவும் பறந்துதான் ஆகணும். எந்த விமானம் பறந்தாலும் அந்த வேகம்தான். நாங்க செய்யறது, உள்ள ஓடற நேரத்தையும் வெளிய ஓடற நேரத்தையும் பிரிக்கறது. வெளிய ரெண்டு மணி நேரம். உள்ள பத்தொன்பது."

"அந்தப் பதினேழு மணி நேரம்?"

"நீங்க வாழ்ந்துடறீங்க. தூங்கிக்கிட்டே."

"எங்ககிட்ட கேட்கவே இல்லையே சார்."

"பயணிக்கு வருஷத்துக்கு ஒரு நாள் போகும், ரெண்டு நாள் போகும். ட்ராஃபிக்ல இதைவிட அதிகமா போகுது. பணியாளர் விஷயம் வேற, ஒத்துக்கறேன். வாரத்துக்கு ஏழு நாள்னா உங்களுக்குப் பத்து நாள். ஆனா இதை வெளிய சொன்னா வழித்தடமே நிக்கும்." அவர் ஒரு காகிதத்தை எடுத்து வைத்தார். "உங்க கணவரைக் கூப்பிட்டு நானே விளக்கிச் சொல்றேன். வீட்டுப் பிரச்சினை தீர்ந்துடும். நீங்க இதுல கையெழுத்துப் போட்டா போதும். இதைப் பத்தி யார்கிட்டயும் பேச மாட்டேன்னு."

ஜெனோவா காகிதத்தைப் படித்தாள். காதம்பரியை நினைத்துக்கொண்டாள். ஆறு வருடமாக அந்த வழியில் பறக்கிறாள். அவளுக்கு முப்பத்தெட்டு வயது என்று கம்பெனி ஏட்டில் இருந்தது. உடம்புக்கு நாற்பதைத் தாண்டியிருக்கும்.

"நான் போட மாட்டேன் சார்."

"அப்ப வீட்டுல நீங்களே சமாளிச்சுக்கங்க."

ஜூன் மாதம் அவள் விமானப் பணியாளர் விசாரணை ஆணையத்தில் புகார் கொடுத்தாள். வேலை போனது. புளோரா அவள் துணிமணிகளைப் பெட்டியில் போட்டு வாசலில் வைத்தாள். ஜெனோவா குரோம்பேட்டையில் வேலைக்குப் போகும் பெண்கள் விடுதியில் ஒரு அறை எடுத்தாள். தூத்துக்குடிக்குப் போன் செய்தபோது அவள் அம்மா, "இங்க வராத, கோயிலுக்குக்கூடப் போக முடியலை எங்களால" என்று அழுதாள். அதன்பிறகு அவளும் போன் செய்யவில்லை.

பழைய சகாக்களில் பதினோரு பேரைப் போய்ப் பார்த்தாள். மாதவிலக்குத் தேதிகளை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டாள். சிலர் கதவையே திறக்கவில்லை. ஒருத்தி, "உன் தப்பை மறைக்க எங்களை இழுக்காத" என்றாள். காதம்பரி வீட்டில் உட்கார வைத்துக் காபி கொடுத்தாள், ஆனால் எதுவும் எழுதித் தரவில்லை.

ஆகஸ்டு பத்தொன்பதாம் தேதி விசாரணை. ஓய்வுபெற்ற நீதிபதி அங்கயற்கண்ணி தலைமை. கூடம் நிறைந்திருந்தது. கம்பெனி தன் பணியாளர்களைப் பேருந்து வைத்து அழைத்து வந்திருந்தது. சாண்டியாகோவில் பிள்ளைகள் வேலை பார்க்கும் பெற்றோர்கள், வியாபாரிகள் என்று வெளியாட்களும் வந்திருந்தார்கள். ஏழு மாத வயிறு போலத் தெரிந்த வயிற்றோடு அவள் நடந்து வந்தபோது யாரோ, "இவதான்" என்றார்கள்.

கம்பெனி வழக்கறிஞர் நீண்ட நேரம் எடுக்கவில்லை. "புகாருக்கு ஆதாரம் ஒன்றே ஒன்று. கணவர் கடலில் இருந்தபோது கரு உண்டானதாக ஸ்கேன் காட்டுகிறது, அதனால் விமானத்தில் நேரம் வேறு மாதிரி ஓடுகிறது என்கிறார். கணவர் இங்கே இருக்கிறார். அவர் சொல்லட்டும்."

ரெக்ஸன் எழுந்து வந்தான். நீலச் சட்டை, இஸ்திரி போட்டது. அவளைப் பார்க்கவில்லை.

"பிப்ரவரி நாலாம் தேதி எங்க கப்பல் கொச்சியில நின்னது. நான் யாருக்கும் தெரியாம இறங்கிச் சென்னை வந்தேன். ஒரு நாள் வீட்டுல இருந்துட்டுத் திரும்பிட்டேன். அது விதிப்படி தப்பு. அதனாலதான் இதுவரைக்கும் சொல்லலை. குழந்தை என்னோடது."

ஜெனோவாவுக்கு முதலில் புரியவில்லை. பிறகு முன்வரிசையில் சிவப்பிரகாசம் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். அவர் ரெக்ஸனைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். இவனும் கேட்டு, நம்பி, கையெழுத்துப் போட்டிருக்கிறான்.

இடைவேளை விட்டபோது ரெக்ஸன் அவளிடம் வந்தான். "எல்லாம் முடிஞ்சது ஜெனோ. இனிமே உன்னை யாரும் ஒரு வார்த்தை பேச முடியாது. ஆமான்னு மட்டும் சொல்லிடு. வீட்டுக்குப் போயிடலாம். உங்க கம்பெனியில எனக்குக் கரையிலயே வேலை தரேன்னு சொல்லியிருக்காங்க. இனி கப்பலுக்குப் போக வேண்டாம்."

"நான் சொன்னப்ப நம்பலை. பயறைக் காட்டினப்ப நம்பலை. அந்த ஆள் சொன்னதும் நம்பிட்டீங்க."

"அவர் டாக்டர். விளக்கமா சொன்னாரு."

"அவங்க பக்கமே போய் உட்காருங்க" என்றாள்.

மறுபடி கூடியதும் நீதிபதி அவளைக் கேட்டார். "உங்கள் கணவர் சொல்வது சரியா? நன்றாக யோசித்துச் சொல்லுங்கள். சரி என்றால் புகார் இத்துடன் முடிகிறது. உங்கள்மேல் யாருக்கும் எந்தச் சந்தேகமும் இருக்காது."

ஜெனோவா எழுந்து நின்றாள். கூடத்தில் முந்நூறு பேர் இருந்தார்கள். ஊரிலிருந்து அவள் சித்தப்பா ஒருவர் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

"இல்லைங்கம்மா. பிப்ரவரியில அவர் வரலை. நவம்பர்லயிருந்து மார்ச் மூணு வரைக்கும் அவர் என்கூட இல்லை."

கூடம் சலசலத்தது. வழக்கறிஞர் சிரித்துவிட்டார். "அப்படியானால் குழந்தை யாருடையது?"

"அவரோடதுதான்."

இப்போது பலர் சிரித்தார்கள். ரெக்ஸன் தலையைக் குனிந்துகொண்டான். பக்கத்தில் இருந்த புளோரா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். சித்தப்பா எழுந்து வெளியே போவதை ஜெனோவா பார்த்தாள்.

சிரிப்பு அடங்குமுன் கம்பெனி பேருந்தில் வந்தவர்கள் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து காதம்பரி எழுந்தாள்.

"அம்மா, எனக்கு இருபது நாளுக்கு ஒரு தடவை வருது" என்றாள். "மாச விலக்கு. ஆறு வருஷமா. லீவுல ஊருக்குப் போனா சரியாயிடும். திரும்பிப் பறந்தா மறுபடி இருபது நாள். டாக்டர் உயரத்தால வருதுன்னார். இங்க இருக்கற பெண்கள் எல்லாருக்கும் அப்படித்தான். வேணும்னா ஒவ்வொருத்தரையா கேளுங்க."

வழக்கறிஞர் ஆட்சேபம் தெரிவித்தார். நீதிபதி கையமர்த்திவிட்டு, "வேறு யாருக்கு?" என்று கேட்டார். உன் தப்பை மறைக்க எங்களை இழுக்காதே என்று ஜெனோவாவிடம் சொன்னவள் எழுந்தாள். அவளுக்குப் பின்னால் நான்கு பேர். கடைசியில் பதினேழு பேர் நின்றார்கள். நீதிபதி ஒவ்வொருவர் பெயரையும் தானே எழுதிக்கொண்டார்.

அவர் உத்தரவு சுருக்கமாக இருந்தது. வெள்ளிக்கிழமை போகும் விமானத்தில் ஆணையம் முத்திரையிட்ட கடிகாரம் ஒன்று போய்வர வேண்டும். வியாழக்கிழமையே பராமரிப்புப் பணி என்று சொல்லிக் கம்பெனி வழித்தடத்தை நிறுத்திவிட்டது.

அதற்கு ஊர் அவளுக்கு நன்றி சொல்லவில்லை. விடுதிச் சுவரில் அவள் பெயரை எழுதி அசிங்கமாகத் திட்டியிருந்தார்கள். காய்கறிக் கடையில் ஒரு பெரியவர் அவளை அடையாளம் கண்டுகொண்டு வழிமறித்தார். "என் மக அங்க ஆஸ்பத்திரியில கிடக்கா. ரெண்டு மணி நேரத்துல போய்ட்டிருந்தேன். இப்ப ரெண்டு இடத்துல மாறிப் போகணும், ஒன்றரை நாள் ஆகுது. எனக்கு அந்தப் பதினேழு மணி நேரம் போனா போகட்டும்மா. உன்னை யாரு கேட்டா?" அவர் சொன்னதில் பொய் இல்லை. பையை அங்கேயே வைத்துவிட்டுத் திரும்பினாள்.

கம்பெனி விடவில்லை. நிறுத்தியது பராமரிப்புக்காகத்தான், கடிகாரத்துக்காக அல்ல என்று எழுதிக் கொடுத்தது. பெண்களின் உடல் உபாதைகளுக்கு ஆயிரம் காரணம் இருக்கலாம் என்றது. கணவரின் வாக்குமூலம் அப்படியே நின்றது. மறு விசாரணை நவம்பர் இறுதிக்குத் தள்ளிப்போனது.

அக்டோபர் இருபத்தேழாம் தேதி ஜெனோவாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மூன்று கிலோ நூறு. நாள் நிறைந்த குழந்தை என்று டாக்டர் எழுதினார். ரெக்ஸன் கப்பலிலிருந்து வந்து எட்டு மாதம்கூட முடியவில்லை.

மறுநாள் பிற்பகல் பார்வையாளர் நேரத்தில் ரெக்ஸன் வந்தான். தனியாகத்தான் வந்தான். இளைத்திருந்தான். வழித்தடம் நின்றதோடு கரை வேலையும் நின்றுவிட்டது. கட்டிலருகே நின்று குழந்தையை வெகுநேரம் பார்த்தான்.

"என் அம்மா ஜாடை" என்றான்.

ஜெனோவா குழந்தையைச் சுற்றியிருந்த துணியைச் சரிசெய்தாள்.

"ஜெனோ, நான் உன் நல்லதுக்குத்தான் அப்படிச் சொன்னேன். உன் பேரைக் காப்பாத்தணும்னு."

"தெரியும்."

"தூக்கட்டுமா?"

"தூக்குங்க."

அவன் குனிந்தபோது சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்று கட்டில்மேல் விழுந்தது. ஜெனோவா எடுத்துப் பிரித்தாள். ஆய்வகத்தின் படிவம். தகப்பன் யார் என்று காட்டும் சோதனைக்கானது. அவன் பெயரும் கையெழுத்தும் இருந்தன. தாயின் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

ரெக்ஸன் குழந்தையைத் தூக்காமல் நிமிர்ந்தான். "அக்கா கேட்டா. எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனா அந்த டாக்டர் கம்பெனிக்காக எதையாவது சொல்லியிருக்கலாமோன்னு... ஒரு தடவை பார்த்துட்டா எல்லாருக்கும் நிம்மதி."

தன்னைத் திட்டுவாள், காகிதத்தைக் கிழிப்பாள் என்று அவன் எதிர்பார்த்திருக்க வேண்டும். ஒரு அடி பின்னால் நகர்ந்தான். ஜெனோவா பக்கத்துக் கட்டில் பெண்ணிடம் பேனா கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

"நானே இதைக் கேட்டிருந்தா நீங்க வந்திருக்க மாட்டீங்க" என்றாள். படிவத்தின் கீழே, முடிவின் நகல் யாருக்கு அனுப்பப்பட வேண்டும் என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் விமானப் பணியாளர் விசாரணை ஆணையத்தின் முகவரியை எழுதினாள்.

ரெக்ஸன் அதைப் படித்தான். குழந்தை அவனுடையது என்று வந்தால், அவன் பிப்ரவரியில் வந்தது நிஜமா, இல்லை ஜெனோவா சொல்வதுபோல் மார்ச்சில் உண்டானதா என்று பார்ப்பார்கள். கொச்சியில் நின்ற கப்பலின் பதிவேட்டை வரவழைப்பார்கள். அந்த ஒன்றரை நாளும் அவன் இன்ஜின் அறையில் போட்ட கையெழுத்துகள் அதில் இருக்கும்.

"இதை அனுப்பினா நான் பொய்ச்சாட்சி சொன்னேன்னு ஆயிடும். உள்ள தள்ளுவாங்க."

"அப்ப சோதனை வேண்டாமா?"

அவன் படிவத்தைப் பார்த்தான், குழந்தையைப் பார்த்தான். நேரம் முடிந்துவிட்டது என்று நர்ஸ் வந்து சொன்னாள். அவன் போகவில்லை. நர்ஸ் இரண்டாம் முறை சொன்னபோது படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான்.

"அனுப்பறேன்" என்றான். "எனக்குத் தெரிஞ்சாகணும்."

"அனுப்புங்க" என்றாள் ஜெனோவா. குழந்தை அழ ஆரம்பித்தது. அவள் அதைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.